மரச்சீனி தின்னாத ஏழு பேர்

“எல்லாருக்கும் வயிற்றில் ஏன் கேஸ் வருகிறது?” என்று எழுதிய தாளை டாக்டர் அனில்குமார் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது ஆராய்ச்சிக் கேள்வி இல்ல சதாசிவா. புலம்பலாக்கும்.”

கேரளத்துப் பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே, பெயர் வேண்டாம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சதாசிவன். சனிக்கிழமைக்குள் ஆளுக்கு ஓர் ஆராய்ச்சிக் கேள்வி தரவேண்டும், தராதவருக்கு இடுக்கி மலைக்கு மாற்றம் என்று 1994இல் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இடுக்கியில் ரத்தம் குடிக்கும் அட்டைகள் புதிதாக வரும் உத்தியோகஸ்தரை அழைத்துப்போக பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுமாம். சதாசிவனுக்கு ஓணானைக் கண்டாலே மயக்கம் வரும்.

யாருக்குக் கேஸ், எதனால் என்று டாக்டர் குடைந்தார். சதாசிவன் திருத்தி எழுதினார்: நாற்பது வயது தாண்டிய குளத்தூர்க்காரர்களுக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, தின்பதால் கேஸ் வருகிறதா?

“கொள்ளாம், நல்ல கேள்வி. ஆனா ஒப்பிட்டுப் பாக்க, தின்னாதவனும் வேணும்லா?”

“தின்னாதவனுக்கு நான் எங்க போவேன் சாரே?”

குளத்தூரிலிருந்து உதியன்குளங்கரை வரை மூன்று நாள் வீடு வீடாக நடந்தார். மரச்சீனி தின்பது உண்டா என்று கேட்ட வீட்டிலெல்லாம், பாவம், பசியில் கேட்கிறார் என்று அவித்த மரச்சீனியும் மீன்கறியும் வைத்தார்கள். மறுத்தால் மரியாதை இல்லை. பதினெட்டு வீடு, பதினெட்டுத் தட்டு. கேஸ் அவருக்கே வந்தது. ஆராய்ச்சியில் கிடைத்த முதல் விவரம் அது.

வயிற்றைப் பிடித்தபடி திரும்பி வந்து, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் சாய்ந்தார். பக்கத்தில் இருந்த நோயாளி லீலாபாயிடம் பழக்கதோஷத்தில் கேட்டார். மரச்சீனியைத் தொடுவதே இல்லை என்றாள். அந்த வரிசையில் மொத்தம் ஏழு பேர் தொடுவதில்லை. ஏழு பேருக்கும் கேஸ்.

இதைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அப்போ, மரச்சீனி தின்னாததுதான் காரணம். உலகத்துல ஒருத்தனும் இதைக் கேட்டிருக்க மாட்டான்.”

“நான் தின்னுட்டும் வந்திருக்கே சாரே.”

“நீ ஆராய்ச்சி பண்ணுற ஆளு. உன் வயிறு கணக்குல வராது.”

மரச்சீனியைத் தவிர்ப்பது கேஸை உண்டாக்குமா என்று டாக்டரே எழுதி, சதாசிவன் பெயருக்கு மேலே தன் பெயரையும் போட்டார்.

சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து மூன்று நிபுணர்கள் வந்தார்கள். படித்தார்கள், தலையாட்டினார்கள். இடுக்கி அட்டைகள் ஏமாந்து வீடு திரும்புவதைச் சதாசிவன் மனக்கண்ணில் பார்த்தார். மூத்த நிபுணருக்கு அந்த ஏழு பேரில் ஒருவரையாவது பார்க்க ஆசை. லீலாபாயைக் கூட்டிவந்தார்கள்.

அவள் நிபுணர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பழைய மருந்துச்சீட்டை எடுத்து, மடிப்பு நீவி, டாக்டர் முன்னால் வைத்தாள்.

“சாரே, கேஸுன்னு வந்த எங்க ஏழு பேருக்கும், இனி மரச்சீனி தொடப்பிடாதுன்னு எழுதித் தந்தது நீங்களாக்கும். இனியாவது தின்னலாமா?”