கட்டாயப் பாடம்

வரிசையில் முதலில் நின்ற பெண் கேட்டது சின்னக் கேள்விதான்.

"சார், இந்த 'முடிவெடுத்தல்'ங்கிற பாடத்தை எடுக்கலாமா, வேண்டாமா?"

மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அந்தப் பாடத்தை உண்டாக்கினவரும் அவர்தான், ஆறு வருஷமாக நடத்துகிறவரும் அவர்தான். அதனாலேயே கல்லூரியில் அவருக்கு முடிவு சார் என்று பெயர். அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்து யாரும் வைத்த பெயர் அல்ல. காலையில் எந்தச் சட்டையைப் போடுவது என்பதைக்கூட மனைவியைக் கேட்டுத்தான் போடுவார். அவள் குளித்துக்கொண்டிருந்தால் வெளியே வரும்வரை பனியனோடு நிற்பார். ஊரார் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கச் சொல்லித்தர அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. படித்தவர்கள் உலகம் அப்படி. நீந்தத் தெரியாத ஆள் நீச்சலைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவான், கேட்டவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

அன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பாடங்களுக்குப் பதிவு செய்யும் நாள். பட்டம் வாங்க என்னென்ன பாடம் முடிக்க வேண்டும், எது கட்டாயம், எது அவரவர் விருப்பம், எதை இப்போது எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று எடுத்துச் சொல்லிக் கம்ப்யூட்டரில் பதிய வைப்பதற்காகப் பெரிய கூடத்தில் ஆறு மேசை போட்டு ஆறு ஆலோசகர்களை உட்கார வைத்திருந்தார்கள். துணிக்கடையில் பொறுக்குகிற மாதிரி பாடத்தைப் பொறுக்கச் சொல்ல வேண்டியது, பொறுக்கத் தெரியாமல் பிள்ளை முழித்தால் அதற்கு ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டியது. விதிகளை எழுதிய புத்தகம் ஒன்று ஒவ்வொரு மேசையிலும் தலையணை கனத்துக்கு இருந்தது. அதை முழுசாகப் படித்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. எழுதிய குழுவே ஆளுக்கு ஒரு பகுதியை எழுதிவிட்டு, அடுத்தவர் பகுதியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது.

முடிவு சார் பதில் சொல்லத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. இருபது பேர் சேராத விருப்பப் பாடம் எதுவானாலும் இந்த வருஷத்தோடு மூடிவிடுவதாகப் பிரின்சிபால் போன வாரம் சொல்லிவிட்டார். பாடம் போனால் நடத்துகிறவரும் போக வேண்டியதுதான். போன வருஷம் அவர் வகுப்பில் இருந்தது ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

வேலை போனால் போவதற்கு ஓர் இடம் தயாராக இருந்தது. மனைவியின் அண்ணன் டயர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஆள். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "படிச்சவரா இருந்தா என்ன மாப்ள, பஞ்சர் போட நான் சொல்லித் தர்றேன்" என்பார். மனைவி அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரிப்பாள். முடிவு சாருக்குத் தெரியும், மச்சான் வேடிக்கை பேசுகிற ரகம் இல்லை. கடையில் அவருக்காக ஒரு காக்கி உடுப்பு தைத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

அந்தக் காக்கி கண் முன்னால் வந்து நின்றது. முடிவு சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எடுக்கலாமா வேண்டாமான்னு கேக்குற பாடம் இல்லம்மா அது. கட்டாயப் பாடம்."

"புத்தகத்துல விருப்பப் பாடம்னு போட்டிருக்கே சார்."

"அது பழைய புத்தகம்."

அந்தப் பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் அச்சடித்தது. அவள் மேலே ஏதும் கேட்பதற்குள் முடிவு சார் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். அவருடைய பக்கம். அதே கல்லூரியில் படித்தவர் அவர். கூடப் படித்த பெண்ணைத்தான் கல்யாணமும் செய்துகொண்டார், அதுவும் அவள் எடுத்த முடிவு. அவர் மாணவராக இருந்த காலத்து எண் இன்னும் மெஷினில் உயிரோடு இருந்தது. தட்டினால் மேலிருந்து கீழ்வரை பச்சைப் பசேலென்று வரும், அடியில் பட்டம் நிறைவு என்று எழுதியிருக்கும்.

"பாரு. முடிக்கும்போது உன் பக்கமும் இப்படிப் பச்சையா இருக்கணும். ஒரு கட்டாயப் பாடம் விட்டாலும் சிவப்பாயிடும். சிவப்பாயிட்டா டிகிரி இல்ல."

பெண் பயந்துபோய்ப் பதிந்துகொண்டாள். பின்னால் நின்ற பையனுக்கும் அதே பச்சை, அதே பயம்.

கட்டாயம் என்ற வார்த்தைக்குக் கால் உண்டு போலிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அது கூடம் முழுக்க நடந்துவிட்டது. மற்ற ஐந்து மேசைகளிலும் பிள்ளைகள், "முடிவெடுத்தல் கட்டாயமாமே?" என்று கேட்க, ஐந்து ஆலோசகர்களும் தங்களுக்குத் தெரியாமல் எப்போது மாற்றினார்கள் என்று உள்ளுக்குள் திடுக்கிட்டு, வெளியே, ஆமாம், பல வருஷமாகக் கட்டாயம்தான் என்றார்கள். தெரியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் அவர்கள் யாரும் எந்த வகுப்பிலும் படிக்கவில்லையே.

மதியத்துக்குள் வகுப்பின் அறுபது இடமும் நிரம்பிவிட்டது. முடிவு சார் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார். குடிக்க விடவில்லை. கட்டாயப் பாடம் என்கிறீர்கள், மெஷினைக் கேட்டால் இடமில்லை என்கிறது, அப்படியானால் எங்கள் பிள்ளைக்குப் பட்டமே கிடையாதா என்று பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஓர் அம்மா அழுதே விட்டாள். லாரி ஓட்டுகிற ஒரு தகப்பன் அழவில்லை, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றார். முடிவு சாருக்கு அழுகையைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

"பதறாதீங்க. இந்த வருஷமே எடுக்கணும்னு இல்ல. அடுத்த வருஷம்கூட எடுத்துக்கலாம்" என்றார்.

கூட்டம் கலைந்தது. கூடவே வகுப்பும் கலைந்தது. அடுத்த வருஷம் எடுக்கலாம் என்றால் இப்போது காலங்காத்தால எழுந்து யார் வருவது என்று, இடம் பிடித்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேரை நீக்கிக்கொண்டார்கள். டீ ஆறுவதற்குள் அறுபது நாலாகிவிட்டது. அந்த நாலு பேரும் சாப்பிடப் போயிருந்தவர்கள். விஷயம் தெரிந்தால் அவர்களும் போய்விடுவார்கள்.

முடிவு சார் நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தார். இந்த வருஷம் எடுக்காதவர்கள் அடுத்த வருஷம் அதே பாடத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டியிருக்கும். எந்த உலகத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது என்று கேட்க அங்கே ஆளில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டினார்கள். கல்லூரியின் மெஷின் மொத்தமாகப் படுத்துவிட்டது. முடிவெடுத்தல் மட்டுமில்லை, கணக்கு, ரசாயனம், மொழிப்பாடம் எதற்கும் யாரும் பதிய முடியவில்லை.

பெற்றோர்கள் அவர் கைப்பேசி எண்ணை எங்கிருந்தோ பிடித்துவிட்டார்கள். அது ஓயாமல் அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டார். அப்புறம் அதைத் திறக்கவே இல்லை.

லாரிக்காரர் தலைமையில் கூட்டம் பிரின்சிபால் அறைக்குப் போனது. ஆறு ஆலோசகர்களையும் கூப்பிட்டார்கள். முடிவு சார் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார். காக்கி உடுப்பின் பித்தான்கூட அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

லாரிக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஐயா, அந்தப் பாடம் கட்டாயமா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பிரின்சிபாலுக்குத் தெரியாது. மேசை மேலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதைத் திறந்தால் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆலோசகர்களைப் பார்த்தார். ஐந்து தலைகள் ஆடின. ஆறாவது தலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதையும் அவர் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

"கட்டாயம்தான். இதுல என்ன சந்தேகம்?" என்றார். எல்லாருக்கும் இடம் கிடைக்கும், பெரிய அரங்கத்தையே அந்த வகுப்புக்கு ஒதுக்குகிறேன் என்று வாக்கும் கொடுத்தார். பொய் ஒன்று காலையில் முடிவு சார் வாயில் பிறந்து, சாயங்காலத்துக்குள் சட்டமாகிவிட்டது.

கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டார்கள். கெட்டியான கண்ணாடி போட்ட மனுஷன், சொன்னதைச் செய்கிறவர், சொல்லாததைச் செய்யாதவர். படுத்திருந்த மெஷினை எழுப்பி, பாடத்தைக் கட்டாயம் என்று மாற்றுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "புதுசா சேர்ந்தவங்களுக்கு மட்டுமா, இல்ல எல்லாருக்குமா?"

பிரின்சிபால் கையை விரித்தார். "சாரோட பாடம். அவரே முடிவெடுக்கட்டும்."

எல்லாரும் முடிவு சாரைப் பார்த்தார்கள். மனைவியைக் கேட்கலாம் என்று கை தானாகப் பைக்குள் போனது. கைப்பேசியைத் திறந்தால் பெற்றோர்கள் பாய்ந்துவிடுவார்கள். கையை வெளியே எடுத்தார். யோசித்தார். புதுப் பிள்ளைகள் மட்டும் என்றால் அடுத்த வருஷம் மறுபடி ஆள் பிடிக்க வேண்டும். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் எல்லாரையும் இழுத்துப் போட்டால் கூட்டம் தாங்காது. உதவிக்கு இரண்டு பேர் கேட்கலாம். தனியாக ஒரு துறையே கேட்கலாம். வாசலில் பெயர்ப்பலகை வைக்கலாம்.

"எல்லாருக்கும் போடுங்க. ஒருத்தரையும் விடாதீங்க."

"யோசிச்சுக்குங்க சார். மெஷினுக்கு எல்லாரும்னா எல்லாரும்தான்."

"எடுத்த முடிவு எடுத்ததுதான்" என்றார் முடிவு சார். சொன்ன பிறகு அவருக்கே தன் குரல் பிடித்துப்போயிற்று.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் ஒரு வங்கியில் மேலாளர். அந்த மாதம்தான் அடுத்த பதவி உயர்வுக்கு எழுதிப் போட்டிருந்தாள். "என்னைக் கேக்காமலா முடிவெடுத்தீங்க?" என்று கேட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பெருமையோடு சிரித்துக்கொண்டார்.

மெஷின் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை செய்தது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. மனைவி எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார். சட்டையைத் தானே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தான் ஒன்று குறைந்த சட்டை அது.

அரங்கத்தில் எள் போட இடமில்லை. முன்வரிசைகளில் புதுப் பிள்ளைகள், அந்த முதல் பெண் நடுவில். அவர்களுக்குப் பின்னால் இரண்டாம், மூன்றாம் வருஷத்தவர்கள் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். அதற்கும் பின்னால்தான் விசேஷம். நரைத்த தலைகள், வழுக்கைத் தலைகள். கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் ஒருவர். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமல் ஓடி வந்த டாக்டர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண்.

முடிவு சாருக்கு நெஞ்சு விம்மியது. தன் பேச்சைக் கேட்க ஊர்ப் பெரியவர்களே வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். இத்தனை வருஷம் தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்ற ஆற்றாமை அந்த நிமிஷமே கரைந்தது. டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மாதிரிக் கொலைவெறி இருந்ததை அவர் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி. வங்கிக்குப் போகிற சேலை, மடியில் கைப்பை. இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். அவருக்குக் கண் கலங்கியது.

மைக்கைப் பிடித்தார். "ஒரு மனுஷன் யாரையும் கேக்காம, தானா எடுக்குற முதல் முடிவு இருக்கே, அதுதான் அவன் வாழ்க்கையையே மாத்துது" என்று ஆரம்பித்தார்.

பின்வரிசைகளில் பெரிதாகச் செருமல் கேட்டது. மனைவி எழுந்து நின்றாள். பக்கத்து இடத்தில் இருந்த கைப்பையை எடுத்துவிட்டு, பெஞ்சைக் கையால் தட்டித் தூசி போக்கினாள்.

"அங்க என்ன நிக்கிறீங்க? இந்தப் பாடம் படிக்காத பழைய டிகிரி எதுவும் செல்லாதுன்னு காலையிலேயே எல்லாருக்கும் மெசேஜ் வந்தாச்சு, நம்ம ரெண்டு பேருக்கும் இங்கதான் இடம் போட்டிருக்கு, வந்து உக்காருங்க. வகுப்பு முடிஞ்சதும் அண்ணன் கடைக்கு வரச் சொல்லியிருக்கான்."