மெத்தை வண்டிக்கு மாட்டிய மீட்டர்

இனிமேல் தன் வண்டியில் தன் இஷ்டப்படிதான் கியர் மாற்றுவது என்று மெத்தைக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை வெளியே சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை. மனைவி ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. அவர் பஞ்சு அடைப்பார். அவள் உறை தைப்பாள். மாடிப்படியில் மெத்தை தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால், கொண்டுபோய்க் கொடுக்கப் பழைய பிக்கப் வண்டியில் இருவருமே போவார்கள். வண்டிக்கு வயது இருபத்தாறு. அதில் வேகம் காட்ட ஒரு முள் உண்டு, பெட்ரோல் காட்ட ஒரு முள் உண்டு. என்ஜின் எவ்வளவு திணறுகிறது என்று காட்ட எதுவும் கிடையாது. அந்த வேலையை மனைவி பார்த்துக்கொண்டாள்.

"வண்டி கத்துது. கியரை மாத்துங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மாத்தலை?"

"இப்பத்தான் மாத்தப் போனேன்."

"போயிட்டு எப்ப வருவீங்க?"

நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்திலேயே பழகிய காது அவளுக்கு. ஊசி மழுங்கினால் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். அந்தக் காதோடு வாதாடி ஜெயிக்க அவரிடம் சாட்சி இல்லை. ஆகவே ஒரு சாட்சியை வாங்கிவந்தார். வட்டமான, கறுப்பு முகமும் சிவப்பு முள்ளும் கொண்ட ஆர்பிஎம் மீட்டர்.

"இது என்ன?" என்றாள் மனைவி.

"என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டும்."

"உங்களுக்கும் ஒண்ணு மாட்டலாம். கடையைப் போட்டுட்டு எத்தனை சுத்து சுத்துறீங்கன்னு தெரியும்."

பெரிய காரியம் செய்யப்போகிறவர்கள் சின்னப் பேச்சைப் பொருட்படுத்துவதில்லை. அட்டைப்பெட்டியை மூலையில் எறிந்துவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த வயரிங்காரரிடம் போனார்.

வயரிங்காரர் வண்டிக்கடியில் பாதி, வெளியே பாதியாகவே வாழ்கிற மனிதர். பச்சை வயரை இக்னிஷன் காயிலில் கொடுத்தார். சிவப்பை, சாவி போட்டால் கரண்ட் வரும் இடத்தில் கொடுத்தார். கறுப்பை வண்டியின் பாடியில் முறுக்கினார். வெள்ளையை விளக்கோடு சேர்த்தார். பிறகு மீட்டரின் முதுகைத் திருப்பிக் காட்டினார். அங்கே நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சுவிட்ச் இருந்தது.

"அண்ணே, இதுல நாலு, ஆறு, எட்டுன்னு போட்டிருக்கு பாருங்க. எத்தனை சிலிண்டர் என்ஜினோ அதுல வெக்கணும். உங்க வண்டி நாலு."

"எட்டுல வெச்சா?"

"தப்பா காட்டும். ரெண்டாயிரம் சுத்து சுத்தினா ஆயிரம்னு காட்டும்."

மெத்தைக்காரர் அந்தச் சுவிட்சையே பார்த்தார். காதை ஏமாற்ற முடியாது, சரி. கண்ணை ஏமாற்றலாமே?

"எப்ப கியர் மாத்தணும்?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வந்ததும் மாத்திடுங்க. அதுக்கு மேல போனா வண்டி கத்தும்."

வயரிங்காரர் ஸ்பேனர் எடுக்கத் திரும்பினார். அந்த இடைவெளியில் மெத்தைக்காரரின் கட்டைவிரல் நகம் நாலிலிருந்து எட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தவர் எதையும் கவனிக்காமல் மீட்டரை டாஷ்போர்டில் இறுக்கி முறுக்கினார்.

மறுநாள் காலை ஆறு மெத்தையோடு கிளம்பினார்கள். தெருவில் இறங்கியதும் மனைவி வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"வண்டி கத்துது."

"மீட்டரைப் பார். எவ்வளவு?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஆயிரத்து இருநூத்தம்பது."

"எப்ப மாத்தணும் தெரியுமா? ரெண்டாயிரத்து ஐந்நூறுல. நான் சொல்லலை, வயரிங்காரர் சொன்னார். இத்தனை வருஷமா நீ என்னைப் பாதியிலேயே மாத்த வெச்சிருக்கே."

மனைவி வாயை மூடிக்கொண்டாள். அந்த அமைதியைக் கேட்டு மெத்தைக்காரர் பூரித்துப்போனார். அது எந்த மாதிரி அமைதி என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அவர் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குக் கையைக் கொண்டுபோனபோது அவள் தடுத்தாள்.

"என்ன பண்றீங்க?"

"கியர் மாத்துறேன்."

"முள்ளு ஆயிரத்து நானூறுலதானே நிக்குது. ரெண்டாயிரத்து ஐந்நூறு வரட்டும்."

"பரவாயில்லை, கொஞ்சம் முன்னாடியே…"

"எதுக்குங்க? ஆசையா மீட்டர் வாங்கி மாட்டியிருக்கீங்க. அது சொல்றபடி நடக்க வேண்டாமா? இத்தனை நாள் நான் பண்ணின தப்பை இனிமே பண்ண மாட்டேன்."

அவர் மிதித்தார். ஆயிரத்து எண்ணூறு. என்ஜின் அலறியது. இரண்டாயிரம். கண்ணாடி நடுங்கியது. இரண்டாயிரத்து முந்நூறு. வழியில் ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழ, அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் அழுதது. இரண்டாயிரத்து ஐந்நூறு.

"இப்ப மாத்துங்க," என்றாள் மனைவி நிதானமாக.

அன்றிலிருந்து தெருமுனை வரைக்கும் முதல் கியர்தான். முன்னால் போகிற சைக்கிள்காரர்கள் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஓரம் கட்டினார்கள். ஹாரன் அடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மெத்தைக்குச் சொன்னவர்கள் நாலு தெரு தள்ளிச் சத்தம் கேட்கும்போதே வாசலுக்கு வந்துவிட்டார்கள். மெத்தைக்காரருக்கு வீட்டில் சாப்பிடும்போதும் காதுக்குள் என்ஜின் ஓடியது.

சுவிட்சை மாற்றிவிடலாம்தான். ஆனால் அது மீட்டரின் முதுகில் இருந்தது. மீட்டரைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் தையல் மெஷினின் டிராயரில் இருந்தது. டிராயருக்கு முன்னால் நாள் முழுக்க மனைவி இருந்தாள்.

திங்கட்கிழமை நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சத்தம் நூத்தம்பதுல வருது. வேகம் முப்பதுகூட இல்லை. என்ன அவசரம்?"

"அவசரம் இல்லைங்க," என்றார் மெத்தைக்காரர்.

"அப்ப கியரை மாத்தி ஓட்டுறதுக்கென்ன?"

மனைவி அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாத்தக்கூடாதுங்க. இன்னும் ரெண்டாயிரத்து ஐந்நூறு வரலை. இவருக்கு வண்டி நுணுக்கம் எல்லாம் அத்துப்படி."

காவலர் மீட்டரைப் பார்த்தார். மெத்தைக்காரரைப் பார்த்தார். பின்னால் கயிறு கட்டியிருந்த மெத்தைகளையும் ஒரு முறை பார்த்தார்.

"மீட்டர் சரியாத்தான் காட்டுதா?"

ஆம் என்றால் இதே சத்தத்தோடு வாழ்நாள் முழுக்க ஓட்ட வேண்டும். இல்லை என்றால் பக்கத்தில் இருப்பவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மெத்தைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஓரமா நிறுத்திக்கிறேங்க," என்றார்.

வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, ஸ்டீயரிங்கைப் பார்த்தே சொன்னார். "எட்டுல வெச்சிட்டேன்."

"தெரியும்," என்றாள் மனைவி.

"எப்படித் தெரியும்?"

"அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு காகிதம் இருந்துச்சு. நீங்க படிக்காம எறிஞ்சீங்க. நான் எடுத்துப் படிச்சேன். நாலு சிலிண்டர் வண்டிக்கு எட்டுல வெச்சா பாதிதான் காட்டும்னு படம் போட்டு எழுதியிருக்கான்."

"முதல் நாளே ஏன் சொல்லலை?"

"எவ்வளவு நாள் என் காதுல பூ சுத்துறீங்கன்னு பார்த்தேன். அந்தச் சுத்தை இந்த மீட்டர் காட்டலையே."

அவள் மடியிலிருந்த தையல் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அவர் மீட்டரைக் கழற்றி, நாலுக்குத் தள்ளி, திரும்ப மாட்டினார். காவலர் போகச் சொல்லிக் கையசைக்க, வண்டி கிளம்பியது. அவள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாத்துங்க," என்றாள்.

அவர் முள்ளைப் பார்த்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு.

இரண்டாவது கியர் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "மாத்துங்க." இரண்டாயிரத்து ஐந்நூறு. மூன்றாவது கியரிலும் அதேதான். ஒரு நூல் முன்னே பின்னே இல்லை.

மெத்தைக்காரர் பெருமூச்சு விட்டார். "அப்ப இந்த மீட்டர் எதுக்கு? நாளைக்குக் கழட்டித் திருப்பிக் கொடுத்துடறேன்."

"வேண்டாங்க, இருக்கட்டும்," என்றாள் மனைவி கண்ணைத் திறக்காமலே. "நான் வராத நாள்ல உங்களுக்குச் சொல்ல ஆள் வேணுமில்லையா."