ஒரு தப்புகூட இல்லை

பல் மருத்துவமனைப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினைந்து வயது நோயாளி ஒருவர் இருந்தார்.

அந்தப் பதிவேட்டுக்கான மென்பொருளை எழுதியவரை அலுவலகத்தில் ‘கைமுறை’ என்றுதான் கூப்பிடுவார்கள். தகவலைச் சரிபார்க்க ஆயத்தக் கருவிகள் எத்தனை வந்தாலும், ஒவ்வொரு விதியையும் தன் கையால் எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. ‘நூறு வயதுக்கு மேல் ஏற்காதே’ என்று உடனே ஒரு வரி எழுதினார்.

ஒரு மணி நேரத்தில் மருத்துவமனை வரவேற்பறைப் பெண் போன் செய்தாள்.

"சார், ஒரு பெரியவருக்கு நூத்திமூணு வயசு. ஏத்துக்க மாட்டேங்குது. ‘நான் உயிரோட இருக்கிறது உங்க கம்ப்யூட்டருக்குப் பொறுக்கலையா’ன்னு கத்துறார்."

எல்லையை நூற்றிருபதாக்கினார். கையோடு, பெயரில் மூன்று எழுத்தாவது வேண்டும் என்றும் சேர்த்தார்.

மறுபடியும் போன். "ரெண்டெழுத்துப் பேர்க்காரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. மூணாவது எழுத்துக்கு நான் எங்க போவேன்னு கேக்குறாங்க சார்."

அவசர அவசரமாகத் திருத்தினார். ‘குறைவு, அதிகம்’ என்று காட்டும் குறி தலைகீழாக விழுந்துவிட்டது.

"சார், இப்ப அந்தம்மாவை மட்டும்தான் ஏத்துக்குது! மத்தவங்கல்லாம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க."

மேலாளர் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதிவுல தப்பு கண்டுபிடிக்கிற தானியங்கிக் கருவி ஒண்ணு வாங்கியாச்சு. நாளைக்கு மத்தியானம் நாளைய பதிவுகளை அதுல ஓட்டுவேன். ஒரே ஒரு தப்பு வந்தாலும், இனி நீங்க எழுத வேணாம். வாடிக்கையாளர் போனை எடுங்க."

கைமுறை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போனில் நாளெல்லாம் ‘வணக்கம், எப்படி உதவலாம்’ சொல்வதா? தலைகீழ்க் குறியை நிமிர்த்தினார். தேதி, முகவரி, போன் எண் என்று எதையும் விடாமல் நாற்பத்திரண்டு விதிகளை எழுதி இறுக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் மத்தியானம் கருவி ஓடியது. அறுபது பதிவுகள். தப்பு: பூஜ்யம்.

"கை கைதான்யா!" என்று மேலாளரே முதுகில் தட்டினார்.

கைமுறைக்குக் கால் தரையில் பாவவில்லை. தானே வரவேற்பறைப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு ஒரு புகாரும் காணோம்?"

"தொந்தரவே இல்ல சார். நீங்க போட்ட விதி எல்லாத்துலயும் தேறினது என் வீட்டுக்காரரோட விவரம் ஒண்ணுதான். அதான் பேரை மட்டும் மாத்தி, அறுபது பேருக்கும் அதையே போட்டுட்டேன்."