காணாமல் போன இடது செருப்பு

செத்தாலும் டாக்டரிடம் போவதில்லை என்பது என் கொள்கை. அதனால்தான் இடது கால் விரல்கள் ஒரு மாதமாக மரத்துக் கிடப்பதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. டாக்டர் என்றால் ஊசி. ஊசி என்றால் எனக்குக் குலை நடுங்கும். தவிர, செருப்புக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பிடிக்கிறவனுக்குச் சொந்தக் காலைக் கவனிக்க ஏது நேரம்?

போன வாரம் என் இடது செருப்பு காணாமல் போனது. எதிர்வீட்டு நாயைத் திட்டித் தீர்த்தேன். மனைவி என் காலை ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

நேற்றுக் காலையில் அவள் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, கால் விரலெல்லாம் மரத்துப் போன மாதிரி இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. விடுங்க, தானா சரியாயிடும்."

"விளையாடுறியா? சர்க்கரையா இருக்கலாம். வைட்டமின் குறைச்சலா இருக்கலாம். முதுகுல நரம்பு அழுந்தியிருக்கலாம்!" கடையில் யாருக்கும் தெரியாமல் செல்போனில் படித்ததெல்லாம் மடமடவென்று கொட்டியது.

"செருப்பு டைட்டா இருக்குமோ?"

"மாத்தியும் போகலைன்னா? நாள் கணக்கா இருந்தா காட்டித்தான் ஆகணும். கால்ல அடிபட்டாக்கூடத் தெரியாது, புண்ணு புரையோடிடும்! திடீர்னு மரத்து, முகம் கோணி, பேச்சு குழறினா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்!"

"ஊசி போடுவாங்களே, பயமா இருக்குங்க."

"ஊசியெல்லாம் எறும்புக் கடி. நான் கூட இருக்கேன்ல? கிளம்பு!"

அவளுக்கு ஒன்று என்றால் என் கொள்கையெல்லாம் எம்மாத்திரம்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார் டாக்டர்.

அவள் கைப்பையைத் திறந்தாள். என் இடது செருப்பை வெளியே எடுத்தாள்.

"இவருக்குத்தான் டாக்டர். இது மாடிப்படியில கழண்டு விழுந்துச்சு. அதுகூடத் தெரியாம ஒத்தைச் செருப்போட மேல வந்து டீ கேட்டார். மத்ததை அவரே சொல்லுவார், நல்லாப் படிச்சு வச்சிருக்கார்."

"அப்போ உன் கால்?"

"எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியோடு வந்தார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வெட்கம்தான், இருந்தாலும் மனசுக்கு இதமாக இருந்தது.

"எறும்புக் கடிதானே?" என்றாள்.

நான் போட்ட அலறலில், வெளியே அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.