இரகசியம் என்று எழுதிப் போட்ட பெட்டிசம்

யாழ்ப்பாணத்தாரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன், ஒன்றைத் தவிர. எங்களுக்குப் பெட்டிசம், அதாவது மேலிடத்துக்கு முறைப்பாட்டு மனு, எழுதுகிற வியாதி இருக்கிறது என்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். அந்த வியாதி விமானம் ஏறி ஒஸ்லோ வரைக்கும் வந்ததற்கு நானே சாட்சி. என் வாழ்க்கையில் நான் எழுதியது ஒரேயொரு பெட்டிசம். அது ஏழு பிறப்புக்கும் காணும்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். பியோர்ண்டாலில் ஒரு மாடிவீட்டில் இருந்தோம். மகள் துளசி முதலாம் வகுப்பு. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு தெரு. பஸ் வளைந்து இறங்குகிற இடத்தில்தான் பிள்ளைகள் குறுக்கே போகவேண்டும். பாதசாரிக் கடவை கிடையாது (ஊரில் மஞ்சள் கடவை, இங்கே வெள்ளை; அந்த வளைவில் எந்த நிறத்திலும் இல்லை). ஒருநாள் காலை, உறைந்து கிடந்த தெருவில் ஒரு கார் வழுக்கிக்கொண்டு வந்து துளசியின் புத்தகப்பைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் ஒன்றும் நடக்காதவள்போலப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நான் அப்படியே பனிக்குவியலில் குந்திவிட்டேன்.

எங்கள் பகுதிச் சபை பரிந்துரைத்தால் நகரசபை கடவை போட்டுத் தரும் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். (நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நோர்வே அரசியல் முழுவதையும் அந்த வாளிக்குப் பக்கத்தில்தான் கற்றேன்.) சரி, ஒரு கடிதம் எழுதினால் போச்சு என்று பார்த்தால், சபையில் ஓர் உறுப்பினர் எங்கள் கீழ்வீட்டு அஸ்திரிட்! ஞாயிற்றுக்கிழமையில் உழுந்து அரைத்தேன் என்று இரண்டு தரம் வந்து கதவைத் தட்டிய மனுசி. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாதாம், சட்டமாம். உழுந்துக்குப் பொறுக்காதவள் கடவைக்கா கை தூக்கப்போகிறாள்?

ஆகவே எங்கள் ஊர் முறைப்படி, எதிரி வாய் திறக்க முன்னம் எதிரியை விழுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, மூச்சுக்கூட விடவில்லை. சொன்னால் "உமக்கேன் தேவையில்லாத வேலை" என்பார். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று பின்னேரங்கள் நோர்வேஜிய மொழியில் எழுதினேன். முதல் பந்தியில் சபைத் தலைவரைக் "கடலளவு கருணை கொண்ட பெருந்தகையே" என்று விளித்தேன். அடுத்ததில் என் கண்ணீர். பிறகு அஸ்திரிட். "இந்த அம்மா ஜன்னலோடு ஒட்டிப் பிறந்தவர். ஊரார் குப்பைப் பையை எண்ணுவதே தொழில். இவருடைய நாய்க்குச் சபையில் ஆசனம் கொடுத்தால் அதுகூட எங்களுக்கு வாக்களிக்கும், இவர் மாட்டார்." கடைசியில், காரியம் சரிவந்தால் தலைவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வரவேண்டும், நாற்பது வடை சுட்டு விருந்து வைப்பேன் என்று முடித்தேன். உச்சியில் சிவப்புப் பேனையால் "இரகசியம்" என்று எழுதி இரண்டு கோடு இழுத்தேன்.

ஒரு கிழமையில் பதில் வந்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஊரில் எங்கள் ஒழுங்கையின் மதகு உடைந்ததற்கு அப்பா வருசக்கணக்காக எழுதினார். ஒரு ஈ, காகம் பதில் போடவில்லை. இங்கே உருளைக்கிழங்கு உரிக்கிறவளுக்கு அரசாங்க முத்திரையோடு கடிதம்! உங்கள் கடிதம் பதியப்பட்டது, இலக்கம் இது, கூட்டம் இந்த நாள், விரும்பினால் நீங்களும் வந்து பேசலாம். இலக்கம் தந்திருக்கிறார்கள் என்றால் பெரிய இடத்துக்குப் போயிருக்கிறது என்று எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம்.

கூட்டத்துக்குக் காஞ்சிபுரம் சேலை கட்டினேன், காலில் பனிச் சப்பாத்து. தெருக் கடவை விசயமாகக் கூட்டம் என்று மட்டும் சொல்லி இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கார் வரிசையும் காவலும் மாலையுமாக இருக்கும் என்று நினைத்துப் போனால், ஒரு சாதாரண அறை. மேசையில் கோப்பிக் குடுவை. நெஞ்சில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பொடியன் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவர்தான் தலைவர் என்றார்கள். கடலளவு கருணையின் தோளில் குழந்தை பால் கக்கியிருந்தது.

வாசலருகே ஒரு கட்டுத் தாள் இருந்தது, வருகிறவர்கள் எடுக்கலாம். இவர் ஒன்றை எடுத்தார், கோப்பியை ஊற்றினார், வாசித்தார். கோப்பி வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"இஞ்சேரும், இது ஆர் எழுதினது?"

"எது?"

"கீழ எங்கட விலாசம் கிடக்கு. உம்மடை கையெழுத்தும் கிடக்கு."

எட்டிப் பார்த்தேன். என் பெட்டிசம்! போட்டோக்கொப்பி எடுத்து, ஊசி அடித்து, மூன்றாம் இணைப்பு என்று தலைப்புப் போட்டு. சிவப்பு "இரகசியம்" கறுப்பாகி, இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும். கதிரை கதிரையாக ஓடி ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினேன். சேலைத் தலைப்புக்குள் ஒளித்தேன். கைப்பைக்குள் திணித்தேன். ஒரு கிழவர் நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துத் தன்னுடையதையும் நீட்டி நன்றி சொன்னார். செயலாளர் பெண் ஓடி வந்தாள்.

"கவலைப்படாதீர்கள், வேண்டுமானால் இன்னும் இருக்கிறது" என்று புதுக் கட்டு ஒன்றைத் தந்தாள். "சபைக்கு வருகிற கடிதம் எல்லோருக்கும் உரியதுதானே? இணையத்திலும் போட்டிருக்கிறோம்."

பின்வரிசையிலிருந்து பக்கத்துக் கட்டடத்து மதுரைக்காரர், கம்ப்யூட்டர் என்ஜினியர், கையை ஆட்டினார். "நேத்தே நெட்ல படிச்சேன் மேடம். அந்த நாய் மேட்டர் சூப்பர்!"

இவர் என்னைப் பார்க்கவேயில்லை. "உமக்கு விசரோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அந்த நேரம் அஸ்திரிட் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கமாக, ஆறுதலாக. எனக்கு அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. போச்சு, கடவை போச்சு, என் வாய்க்கொழுப்பால் பிள்ளை இன்னும் எத்தனை குளிர்காலம் அந்த வளைவைத் தாண்டவேண்டுமோ!

எங்கள் விசயம் வந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். "கடிதத்தில் எனக்கு நாற்பது வடை தருவதாக இருக்கிறது. நான் ஏற்கவில்லை, ஒன்றும் சாப்பிடவுமில்லை. இது குறிப்பேட்டில் பதியப்படவேண்டும்." ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளர், வடை என்பதற்கு எழுத்து என்ன என்று என்னிடமே கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு அஸ்திரிட் எழுந்தார். கடிதத்தில் தன்னைப் பற்றியும் இருப்பதால், இந்த விசயத்தில் தான் வாக்களிப்பது நியாயமா என்று மற்றவர்கள் தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு வாய் பிளந்தது. என்னுடைய பொல்லாத வாய்க்காக எழுபது வயது மனுசி விறாந்தையில் நிற்கிறா! ஊரென்றால் இந்நேரம் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை அறுந்திருக்கும். உள்ளே இவர்கள் கை தூக்கி, அவர் வாக்களிக்கலாம் என்று தீர்மானித்து, திரும்பக் கூப்பிட்டார்கள்.

"நான் ஜன்னலில் இருப்பது உண்மை" என்றார் அஸ்திரிட். "முழங்கால் சரியில்லை. ஜன்னலில் இருந்ததால்தான் அன்றைக்கு அந்தக் கார் வழுக்கியதைப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளை. இந்தத் தாய் பனியில் விழுந்ததையும் பார்த்தேன். நான் சப்பாத்துப் போட்டு இறங்கி வர முன்னம் எழும்பிப் போய்விட்டார். அங்கே கடவை வேண்டும்." கொஞ்சம் யோசித்தார். "நாயைப் பற்றி எழுதியது மட்டும் சரியில்லை. அவனுக்கு வயது போய்விட்டது. கூட்டத்தில் நித்திரை கொண்டுவிடுவான்."

அப்போதுதான் அறை முழுவதும் சிரித்தது. வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது அஸ்திரிட்டின் கை. பேச விரும்புகிறீர்களா என்று தலைவர் என்னைக் கேட்டார். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த பேச்சில் ஒரு சொல் வரவில்லை. "மன்னிக்கவேண்டும்" என்று மட்டும் சொல்லிக் கைகூப்பினேன். இவ்வளவு பெரிய மனங்களுக்கு முன்னால் நான் இவ்வளவு சின்னவளாக ஒருநாளும் நின்றதில்லை.

அடுத்த குளிருக்கு முன்னம் கடவையும் விளக்கும் வந்துவிட்டன. வந்த அன்றைக்கு ஒரு வேலையுமில்லாமல் ஐந்து தரம் குறுக்கே நடந்தேன். பெட்டிசமோ இன்றைக்கும் சபையின் ஆவணக் கோவையில் கிடக்கிறது, யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டில் நான் யாரைப் பற்றியாவது குரலைத் தாழ்த்தினால் போதும், "நம்பர் போட்டாச்சோ?" என்று இவர் தொடங்கிவிடுவார். லோறென்ஸ்கூக்குக்கு வீடு மாறியபிறகும் அந்தக் கதை எங்களோடுதான் வந்தது.

என்னுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் துளசி அந்தக் கடிதத்தைக் கேட்டு எடுத்து வந்துவிட்டாள். பல்கலைக்கழகம் போகிற பிள்ளை. விருந்தினருக்கு முன்னால் எழும்பி நின்று, என் நோர்வேஜியப் பிழைகளோடு அப்படியே வாசித்தாள். நாய்க்குச் சிரித்தார்கள், வடைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், நானும்தான். பிறகு, வாசிக்காமல் தாண்டிப் போயிருந்த கண்ணீர்ப் பந்திக்குத் தாளைத் திருப்பினாள்.

"பெருந்தகையே, காலமை போற என்ரை பிள்ளை பின்னேரம் திரும்பி வருவாள் எண்டு ஆராவது எனக்கு எழுதித் தாங்கோ" என்று தமிழாக்கி வாசிக்கத் தொடங்கியவள், முடிக்க முன்னம் நின்றுவிட்டாள்.

"அம்மா, நாய்க் கதையும் வடைக் கதையும் நூறு தரம் கேட்டிட்டன்" என்றாள். "இதை மட்டும் ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

சோறு ஆறுது பிள்ளை, வந்து சாப்பிடு என்றேன்.