நீலச் சட்டி பழக்கின கதை

அண்டைக்கு விடியக்காலமை நான் ஒரு சபதம் எடுத்தனான். ஒண்டில் என்ர வீட்டு அடுப்பில என்ர நீலச் சட்டி ஏறவேணும், இல்லாட்டி நான் மண் குழைக்கிற வேலையையே விட்டிடவேணும்.

சிரிக்காதேங்கோ. இந்தத் தவராசாவின்ர சட்டியெண்டால் திருகோணமலையில ஒரு பேர் இருக்கு. தம்பலகாமத்துக் குளத்து மண்ணை வண்டிலில இறக்கி, அரிச்சு, மிதிச்சு, என்ர கையாலேயே வனையிறனான். நிறத்துக்கு யப்பான்காரனோட நடக்கிற யுத்தம் கை குடுத்தது. துறைமுகத்துக்கு வாற வெள்ளைக்காரக் கப்பல்காரர் குடிச்சுப்போட்டு எறியிற பச்சைப் போத்தல், மஞ்சள் போத்தல், நீல மருந்துப் போத்தல் எல்லாத்தையும் பொறுக்கி, இடிச்சு மாவாக்கி, சட்டியின்ர வெளிப்பக்கம் பூசிச் சூளையில வைப்பன். சூளை திறக்கேக்க பாக்கவேணும்! மயில் வந்து குந்தியிருக்கிற மாதிரி. சந்தோசத்தில எனக்குக் கண் கலங்கிப்போகும்.

என்ர மனுசி கோணேஸ்வரிக்குக் கலங்காது. பச்சைச் சட்டியில முட்டையை வைச்சுக் கோழியை அடை இருத்தினா. மஞ்சள் சட்டியில புளி போட்டு மூடிவைச்சா. நீலச் சட்டி அலுமாரிக்கு மேல. சமையல் மட்டும் அந்தப் பழைய கறுத்தச் சட்டியில.

"ஏனப்பா?"

"வடிவா இருக்கு. கரி பிடிச்சிடும்."

அதோட விட்டாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டு மைமூனா வாசலில நிண்டு கேட்டா: "அண்ணன், உங்கட பொஞ்சாதியே ஆக்காத சட்டியில நாங்க என்னத்துக்கு ஆக்க?" வாங்க வந்த சனம் அப்பிடியே திரும்பிப் போட்டுது. கொட்டில் நிறையச் சட்டி. என்ர நெஞ்சு வெடிச்சுப்போச்சு.

யோசிச்சன். யப்பான்காரன் ஞாபகத்துக்கு வந்தான்.

அவன்ர பிளேன் குண்டு போட வருதெண்டு சைரன் ஊதினால் கோணேஸ்வரி ஊருக்கே முந்திப் பதுங்குகுழிக்குள்ள பாயிறவ. அடுத்த சைரனுக்கு நான் வயித்துக்குத்தெண்டு பின்தங்கினன். குசினிக்குள்ள ஓடினன். கறுத்தச் சட்டியைத் தூக்கி நிலத்தில ஓங்கி அடிச்சன். ஆகா, என்ன சத்தம்!

கோணேஸ்வரி திரும்பி வந்தா.

"ஐயோ, என்ர சட்டி!"

"யப்பான்காரன் நாசமாப் போக! அதிர்ச்சியில விழுந்திட்டுது."

"பிளேன் ஒண்டும் வரேல்லையே?"

"உயரத்தில போனவன். உமக்குக் கேட்டிராது."

"சரி. சட்டிக்குள்ள இருந்த பாரைமீன் குழம்பு?"

என்ர கண் தானா மேசைக்குப் போச்சு. குழம்பு கோப்பையில, தட்டால மூடி, பத்திரமா இருந்தது. நல்ல பாரைமீன் குழம்பை நிலத்தில கொட்ட ஆருக்கு மனம் வரும்?

"குழம்பை ஊத்தி மூடிவைச்சிட்டுத்தான் குண்டு போடுறான்," எண்டா கோணேஸ்வரி. "நல்லா வளத்த பிள்ளை."

ஏசேல்லை. சிரிச்சா. அதுதான் எனக்குப் பயம். நீலச் சட்டியை இறக்கி என்ர கையில தந்தா.

"இனி இதிலதான் சமையல். ஆனால் புதுச்சட்டி, பழக்கவேணும். வனைஞ்ச கைதான் பழக்கவேணும்."

"ஆர் சொன்னது?"

"நான்தான். கழனித் தண்ணியைக் கொதிக்க வையுங்கோ."

வைச்சன். "மண்வாசம் போகேல்லை, ஒருக்காப் பருப்பு வையுங்கோ." வைச்சன். அடுத்த நாள் கீரை. அதுக்கடுத்த நாள் சூடைமீன். அவ கதிரையில இருந்து ருசி பாத்து, "இன்னும் கொஞ்சம் பழகோணும்," எண்டுவா. கடைசியில பொறுக்க ஏலாமல் கேட்டன்.

"இப்பவாவது பழகிட்டுதே?"

"ஓம், நல்லாப் பழகிட்டுது. உங்கட கைக்கு. இனி என்ர கை பட்டால் ருசி கெட்டிடும்."

அகப்பையோட நிக்கிறன், வாசலில ஒரே கலகலப்பு. மைமூனா ஒரு கூட்டம் பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. பச்சை தாங்கோ, நீலம் தாங்கோ எண்டு இழுபறி. கொட்டில் வெறுமையாப் போச்சு. எனக்குத் தலைகால் தெரியேல்லை. கடைசியில என்ர வேலையின்ர அருமை சனத்துக்கு விளங்கிட்டுது!

"என்ன மைமூனா, திடீரெண்டு இவ்வளவு ஆசை?"

"உங்கட பொஞ்சாதிதான் சொன்னா. இந்தச் சட்டியை வீட்டு ஆம்பிளை பழக்கினால்தான் உடையாமல் நிக்குமாம். முந்தநாள் அவ தந்த சட்டியோட எங்கட அவர் இப்ப பருப்பில நிக்கிறார்."

இப்ப சூளை பகல் முழுக்க எரியுது. ஊரில ஒரு ஆம்பிளையும் என்னோட கதைக்கிறதில்லை.