கிளட்ச் நைனாவும் கிளட்ச் இல்லாத வண்டியும்

பழவேற்காடு ஏரித் தண்ணீர் உப்பில்லாமல் போனாலும் போகும். எங்கள் கிளட்ச் நைனாவின் இடது கை மட்டும் சும்மா இருக்காது. எங்கள் தோணிரேவு கிராமத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஏரியில் இறங்கி நாங்கள் கையால் தடவிப் பிடிக்கிற நண்டை வாங்கி, பைக்கில் கூடை கட்டி, அனுப்பம்பட்டு ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறவர். அது தெரிந்தால் போதாதா?

"கிளட்சு மேல கை இருக்கற வரிக்கும் எமன்கூட கிட்ட வரமாட்டான்க்கா" என்பார். பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட, டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேளக்காரர் வேகத்தைக் கூட்டக் கூட்ட இவரும் அழுத்தினார். தாலி கட்டுவதற்குள் அந்தப் பிள்ளையின் கை வீங்கிவிட்டது.

அவர் வண்டிக்கு ஹாரனே கிடையாது. தெருமுனையில் நின்று, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை உறுமவிடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் நண்டின் கொடுக்கைக் கட்டி எடுத்துக்கொண்டு ஓடுவோம்.

அப்பேர்ப்பட்ட கையை ஒரு நாள் பெரிய ஆண் நண்டு ஒன்று கவ்விவிட்டது. புண் ஆறியது; விரல்கள் மடங்கவில்லை. கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும்தான் மடங்கும். கிளட்ச் பிடிக்க முடியாமல் வண்டி வீட்டோடு நின்றது.

உடனே பொன்னேரியிலிருந்து ஒரு வேன்காரன் வந்தான். பெட்டி நிறையக் கொடுக்கிறவர்கள் வாசலில்தான் நிற்பான். "கெய்வி, உன் நாலு நண்டுக்காக டீசல் எரிக்க முடியுமா?" என்று என்னைக் கேட்டான். என்னை! நான் ஏரியில் இறங்கினால் நண்டு தானாக வந்து கூடையில் உட்காரும் என்று பேர் வாங்கியவள் நான். நைனா இல்லையென்றால், என்னைப் போலக் கையால் பிடிக்கிறவர்களின் நண்டு வீட்டிலேயே சாகவேண்டியதுதான்.

அப்போது கை வீங்கிய அதே மாப்பிள்ளை ஒரு புது பைக்கோடு வந்தார்.

"மாமா, இதுல கிளட்சே கெடையாது. கால் கியரும் இல்ல. இந்தப் பொத்தான அமுக்கினா கியர் ஏறும், அத அமுக்கினா எறங்கும். மீதிய வண்டியே பாத்துக்கும்."

நைனா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கோல் இல்லாத தோணி மாதிரி கீதே மாப்ள" என்றார்.

முதல் நாள் தெருமுனையில் வந்து நின்றார். பழக்கம் விடுமா? இல்லாத கிளட்சை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையை முறுக்கினார். வண்டி கியரில் இருந்தது. உறுமவில்லை, பாய்ந்தது. காயப்போட்ட வலையின் மேல் ஏறி இறங்கி, ஏரிக்குள் கணுக்கால் தண்ணீரில் போய் நின்றது.

"இன்னா நைனா, வண்டியும் நண்டு தடவ வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"சிரிக்காதக்கா. நான் கிளட்சு புட்ச்சேன். அதுக்குத் தெரில."

அன்றைக்கு ரயில் போய்விட்டது. மறுநாள் முதல் கியரிலேயே, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு போனார். அன்றும் ரயில் போய்விட்டது. நண்டைச் சென்னைக்குக் கொண்டுபோகிற வியாபாரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நாளைக்கும் லேட்டுன்னா வேன்காரன் சரக்குதான்."

அடுத்த நாள் விடிந்ததும் நைனா என் வாசலில் நின்றார்.

"யக்கா, பின்னால ஏறு. நீதான் கிளட்சு."

"நானா?"

"நான் கிளட்சுன்னா, புட்ச்சேன்னு சொல்லு. உடுன்னா, உட்டேன்னு சொல்லு. யாராச்சும் புடிச்சாதான் என் கட்டவெரல் பொத்தான் மேல போவுது."

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என்னை வந்து கேட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருக்கும் கூடைக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

"கிளட்சு!"

"புட்ச்சேன்!"

டக்கென்று கியர் ஏறியது.

"உடு!"

"உட்டேன்!"

வழியில் மாடு ஓட்டிப்போனவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். நெல்வயல் பக்கம் ஓர் அறுவடை மெஷின் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அதன் பின்னால் அந்த வேன். எங்கள் வண்டி வேகம் குறைந்ததும் தானாகவே கியரை இறக்கிக்கொண்டு, நிற்காமல், குலுங்காமல் தவழ்ந்தது. ஓரத்தில் ஓர் ஆள் நுழைகிற சந்து தெரிந்தது. நைனா நுழைந்துவிட்டார்.

வேன்காரன் தலையை நீட்டினான். "இன்னா கெய்வி, எங்க பறக்கற?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? உட்கார்ந்தபடியே திரும்பிக் கத்தினேன். "பெட்டிய ஏத்திகினு மெதுவா வா ராஜா! நாலு நண்டு முன்னால போவுது!"

இதைச் சொன்ன சந்தோஷத்தில் கிளட்ச் வேலையை நான் மறந்துவிட்டேன். அவரும் கூப்பிட மறந்துவிட்டார். அவர் கட்டைவிரல் மட்டும் பொத்தானை அமுக்க அமுக்க, கியர் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. நெல் வாசமும் காற்றும் முகத்தில் அடித்தன. என் ஆயுசில் அப்படி ஒரு வேகம் நான் போனதில்லை.

ஸ்டேஷனில் ரயில் இன்னும் வரவில்லை. கூடையைத் திறந்தால் நண்டெல்லாம் கண்ணை உருட்டிக்கொண்டு உயிரோடு இருந்தன. வியாபாரியம்மா சிரித்தாள். "நாளைக்கும் நீயே கொண்டா நைனா. வேன் வந்தா திருப்பி அனுப்பிடறேன்."

ரயிலையே தான்தான் வரவழைத்ததுபோல நைனா பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தார். திடீரென்று நின்றார்.

"யக்கா... மெஷின தாண்டினப்புறம் நீ கிளட்சே புடிக்கலியே?"

"இல்லியே."

"அப்ப யாரு புட்ச்சது?"

"யாரும் புடிக்கல நைனா. நீயாதான் ஓட்டிகினு வந்த."

மடங்காத விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போட்டார் ஒரு சிரிப்பு. பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

இப்போது தனியாகவே ஓட்டுகிறார். நியூட்ரலில் போட்டு வண்டியை உறுமவிடவும் கற்றுக்கொண்டார். என்னால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் தினமும் என்னை ஏற்றிக்கொள்கிறார். பஸ்தான் வருகிறதே, இந்த வயதில் எதற்கு நண்டுக் கூடையோடு ஒட்டிக்கொண்டு போகிறாய் என்று மருமகள் கேட்கிறாள். பஸ்ஸில் சீட்டு மெத்தென்று இருக்கிறது. ஜன்னலில் காற்றும் வருகிறது. ஆனால், அதில் நைனா இல்லையே.